தீர்த்தம்மாள் மயக்கம் போட மறுத்த மதியம்

பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தையில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்தவர் குட்டமாரனஅள்ளி தீர்த்தம்மாள். தராசில் எண் ஓடும்போது மட்டும் இருமுகிற மண்டிக்காரர் ஒருவருக்கு அவர் வைத்த ‘இருமல் மாமா’ என்ற பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அந்த மண்டியின் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பாதிக் குடியானவர்களுக்குச் சொல்லத் தெரியாது. தீர்த்தம்மாள் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். புருஷன் பச்சியப்பன் தவறிய பிறகு தனி ஆளாக வெள்ளாமை பார்க்கிறவர். ஒருவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தால் போதும், அவர் நாக்கில் பட்டப்பெயர் ஊறத் தொடங்கிவிடும்.

அப்படிப்பட்டவருக்குக் கோர்ட்டில் என்ன வேலை என்றால், ஒரு வண்டிப்பாதை. ஊர்ச் சாலையிலிருந்து அவருடைய நிலத்துக்குப் போகிற பாதை, பச்சியப்பனின் பங்காளி அர்ச்சுனனின் நிலத்தை ஒட்டிப் போகிறது. ஒரு நாள் காலையில் பார்த்தால் அந்தப் பாதையில் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்திருந்தார் அர்ச்சுனன். மனிதர் ஒருக்களித்து நடக்கலாம், மாடு போகலாம், டெம்போ போகாது. அன்று முதல் தீர்த்தம்மாள் வீட்டுத் தக்காளியெல்லாம் வரப்பு மேலே தலைச்சுமையாகத்தான் சாலைக்கு வந்தது. கூலிக்கு வருகிறவர்கள் ஒரு நாள் வந்தால் மறுநாள் முதுகு பிடித்துக்கொண்டது என்று நின்றுவிடுவார்கள். போன காய்ப்பில் பாதி செடியிலேயே அழுகியது. இந்தக் காய்ப்பு மறுபடியும் சிவந்து நின்றது. இந்த வாரத்துக்குள் டெம்போ உள்ளே வராவிட்டால் இதுவும் போச்சு.

வழக்குப் போட்டாகிவிட்டது. இரண்டு தரப்பும் நேரில் நிற்க, கோர்ட் நியமிக்கும் வக்கீல் கமிஷனர் முன்னிலையில் சர்வேயர் அளக்க வேண்டும் என்று கோர்ட்டும் உத்தரவு போட்டுவிட்டது. ஆனால் கமிஷனர் பிரபாகர் வந்த அன்றைக்குச் சர்வேயர் வரவில்லை. சர்வேயர் வருகிறேன் என்ற அன்றைக்கு அர்ச்சுனன் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தார். மூன்று பேரும் ஒன்றாக வாய்த்த அன்றைக்கு ஊரே திரும்பிப் பார்க்கும்படி மழை கொட்டியது. எல்லாவற்றுக்கும் நடுவே அர்ச்சுனனின் வக்கீல் சந்திரமோகன் எழுந்து வாய்தா கேட்டுக்கொண்டே இருந்தார். தீர்த்தம்மாள் அவருக்கு ‘அடுத்த மாசத்தார்’ என்று பெயர் வைத்தார். டைப்பிஸ்ட் வரைக்கும் அந்தப் பெயர் பரவிவிட்டது. நல்லவேளை, நீதிபதி காதுக்கு எட்டவில்லை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கும் அதுதான் நடந்தது. வழக்கு கூப்பிட்டார்கள், அடுத்த மாசத்தார் எழுந்தார், வழக்கு அடுத்த மாதத்துக்குப் போனது. தீர்த்தம்மாள் வராண்டாவில் நின்று, அடுத்த மாதம் இந்தத் தக்காளி எந்த நிறத்தில் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் போலீஸ் வேன் வந்து நின்றது.

விஷயம் பெரிதில்லை. கோர்ட்டுக்குள் யாராவது துப்பாக்கியோடு புகுந்து ஆட்களைப் பிடித்து வைத்துக்கொண்டால் எப்படி மீட்பது என்று ஓர் ஒத்திகை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடத்திக்கொள்ள நீதிபதி அனுமதி கொடுத்திருந்தார். மேலிடத்திலிருந்து வந்த திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு டி.எஸ்.பி. எல்லோருக்கும் படித்துக் காட்டினார். தீவிரவாதி உள்ளே நுழைவார். கதவைச் சாத்துவார். ஒரு கோரிக்கை வைப்பார். காவல்துறை நேரம் வாங்குவதற்காக அதை நிறைவேற்றும். பிறகு பணயக் கைதிகளில் வயதான பெண் ஒருவர் மயக்கம் போடுவார். அவரை வெளியே தூக்க தீவிரவாதி கதவைத் திறக்கும்போது, சேலத்திலிருந்து வரும் அதிரடிக் குழு உள்ளே பாயும். மயங்கிய பெண்ணை 108 வண்டி ஏற்றிக்கொள்ளும்.

மயக்கம் போட ஆள் வேண்டும் என்று கேட்டபோது எல்லாப் பெண்களும் இன்னொரு பெண்ணைப் பார்த்தார்கள். தீர்த்தம்மாளுக்கும் முதலில் இதில் ஆசை இல்லை. போகலாம் என்று பையை எடுத்தவர், ஜன்னல் வழியாகக் கோர்ட் அறைக்குள் ஒரு பார்வை பார்த்தார். பின் பெஞ்சில், ஃபேனுக்கு நேர் கீழே, துண்டை மடித்துத் தலைக்கு வைத்து அர்ச்சுனன் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் அடுத்த மாசத்தார். பொட்டலச் சாப்பாடு உண்டு என்று கேட்டுக் கைதியாக இருக்கச் சம்மதித்திருந்தார். முன் வரிசையில் கமிஷனர் பிரபாகர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். மேலே, தன் நாற்காலியில், இதெல்லாம் எப்படி இருக்கும் என்று தானும் பார்க்க வேண்டும் என்று சொல்லி நீதிபதியே உட்கார்ந்திருந்தார்.

தீர்த்தம்மாள் பையைக் கீழே வைத்தார்.

“நான் மயக்கம் போடறனுங்க” என்றார்.

தீவிரவாதியாக வந்தது யுவராணி. கோர்ட் டியூட்டி பார்க்கிற பெண் போலீஸ். கறுப்புத் துணியால் முகத்தை மூடி, என்.சி.சி.காரர்களிடம் இரவல் வாங்கிய மரத்துப்பாக்கியோடு கதவை உதைத்துக்கொண்டு வந்தவள், நீதிபதியைப் பார்த்ததும் பழக்கத்தில் சல்யூட் அடித்துவிட்டாள். பிறகுதான் துப்பாக்கியை நீட்டினாள். அந்தச் சத்தத்தில் எழுந்த அர்ச்சுனன், தன் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வெளியே மைக்கில் டி.எஸ்.பி.யின் குரல் கேட்டது. உள்ளே இருக்கும் தீவிரவாதிகளே, உங்களைச் சுற்றி வளைத்துவிட்டோம் என்று தூய தமிழில் ஆரம்பித்து, உங்கள் கோரிக்கை என்ன என்று முடித்தார். யுவராணி தன் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தாள். கோரிக்கை என்று போட்டிருந்ததே தவிர, என்ன கோரிக்கை என்று மேலிடம் எழுதவில்லை.

“என்னங்க கேக்கறது?” என்று கைதிகளிடமே கேட்டாள்.

ஒருவர் ஹெலிகாப்டர் என்றார். ஹெலிகாப்டர் இறங்குவதற்கு இடமில்லை, வக்கீல்களின் பைக் நிற்கிறது என்று இன்னொருவர் மறுத்தார். அடுத்த மாசத்தார், பைக் நிறுத்துகிற இடத்துக்குக் கூரை போடச் சொல்லிக் கேட்கலாம் என்றார். தீர்த்தம்மாள் தன் முறை வரும்வரை பொறுமையாக இருந்தார்.

“சர்வேயரக் கேளு கண்ணு. பக்கத்துக் காம்பவுண்டுதான். போலீசுக்கும் சிரமமில்ல. அளக்கற சாமானோட, எங்கூரு படத்தோட வரச் சொல்லு.”

யுவராணி துணிக்கு மேலே தெரிந்த கண்களால் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இந்தம்மாள் எத்தனை மாதமாக வராண்டாவில் உட்கார்ந்து எழுந்து போகிறார் என்பது அவளுக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் போய் உரக்கக் கோரிக்கையை அறிவித்தாள்.

 வெளியே ஜீப் கிளம்புகிற ஓசை கேட்டது.

சர்வேயர் முனிராஜ் டீக்கடையில் வடையும் கையுமாக இருந்தாராம். இரண்டு பக்கமும் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, ‘வாங்க சார், சாமானையெல்லாம் எடுத்துக்குங்க’ என்றதும் கடித்த வடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். என்னவென்று அவர்களும் சொல்லவில்லை, எதற்கென்று அவரும் கேட்கவில்லை. கோர்ட் கதவை ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்து உள்ளே தள்ளியபோது சட்டை முழுக்க வியர்வை. உள்ளே நீதிபதியையும் துப்பாக்கியையும் பார்த்து, தான் செய்தது செய்யாதது எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிற முகத்தோடு நின்றார். ஒரு வண்டிப்பாதையை அளக்க வேண்டும், அவ்வளவுதான் என்று தெரிந்ததும், இப்போதே இந்தக் கோர்ட்டையும் சேர்த்து அளந்து தரட்டுமா என்றார்.

தீர்த்தம்மாள் சுற்றிப் பார்த்தார். அர்ச்சுனன் இருக்கிறார். வக்கீல் இருக்கிறார். கமிஷனர் இருக்கிறார். சர்வேயர் சாமானோடு இருக்கிறார். நீதிபதி மேலே இருக்கிறார். ஒருவரும் வெளியே போக முடியாது. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டபோதுகூட இப்படி ஒரு வரம் கேட்கத் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

எழுந்து, முறையாக, ஒத்திகை முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகப் போய் அளந்துவிடலாம், அர்ச்சுனன் வருகிறேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். அடுத்த மாசத்தார் சாப்பாட்டுப் பொட்டலத்தை மூடிவைத்துவிட்டு எழுந்தார். துப்பாக்கி முனையில் வாங்கின கையெழுத்து சட்டப்படி செல்லாது என்றார். துப்பாக்கி மரம்தானே என்றாள் யுவராணி. மரமானாலும் முனை முனைதான் என்றார் அவர். எல்லோரும் நீதிபதியைப் பார்த்தார்கள்.

“என்னப் பாக்காதீங்க” என்றார் நீதிபதி. “நான் இப்ப கைதி. கைதி உத்தரவு போட முடியாது. ஆனா வக்கீல் சொல்றதுல நியாயம் இருக்கு. அவரா மனசார வந்தாதான் வந்த மாதிரி.”

அர்ச்சுனன் கையைக் கட்டிக்கொண்டு, இன்றைக்கு முடியாது, சாயந்திர பஸ்ஸுக்குப் போகணும், ஒரு காதுகுத்து இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

ஆக, கதவு திறந்தால் அர்ச்சுனன் போய்விடுவார். கதவு எப்போது திறக்கும்? தீர்த்தம்மாள் மயக்கம் போட்டால் திறக்கும். அவர் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் அதிரடிக் குழுவே வந்து சேரவில்லை. தொப்பூர் கணவாயில் மைதா மூட்டை ஏற்றிய லாரி ஒன்று சாய்ந்து, சாலையே வெள்ளையாகிக் கிடப்பதாகச் செய்தி வந்தது. டி.எஸ்.பி. மைக்கில் தீவிரவாதிகளிடம் இன்னும் கொஞ்சம் பொறுமை காக்கும்படி கேட்டுக்கொண்டார். ஜன்னல் வழியாக டீ வந்தது. நீதிபதி முதல் டம்ளரைத் தீவிரவாதிக்குக் கொடுக்கச் சொன்னார். கமிஷனரின் போனில் சார்ஜ் தீர்ந்தது. அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாக வழக்கு விவரத்தைத் தீர்த்தம்மாளிடம் முழுதாகக் கேட்டார்.

குழு வந்து சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. சைகை கொடுத்தாயிற்று. 108 வண்டிக்காரர்கள் ஸ்ட்ரெச்சரை விரித்தாயிற்று. மயக்கத்தைக் காணோம். மைக்கில், வயதானவர்களுக்கு உள்ளே மூச்சுத் திணறலாம் என்று டி.எஸ்.பி. ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் யுவராணியின் போனுக்கே கூப்பிட்டார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏம்மா, நீங்கதான மயக்கம் போடறவங்க?”

“ஆமாங்க சார்.”

“எப்பம்மா போடுவீங்க?”

“இன்னும் தல சுத்தலீங்க.”

“சுத்த வேணாம்மா. சும்மா படுத்தா போதும்.”

“பொய்யா எப்பிடிங்க சார் படுக்கறது? இது கோர்ட்டுங்க. இங்க பொய் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கறாங்களே.”

நீதிபதி குனிந்து மேஜைக்கடியில் எதையோ தேடினார். நெடுநேரம் தேடினார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

போன் வைத்த பிறகு அர்ச்சுனனுக்குப் பொறுமை போய்விட்டது. பஸ் போய்விடும், காதுகுத்து போய்விடும், இந்த அண்ணிக்கு எப்போதும் எல்லாமே விளையாட்டு என்று கத்தினார். எனக்கு மட்டுமா விளையாட்டு, பாதையில் கல்லுக்கால் நட்டது யார் விளையாட்டு என்று தீர்த்தம்மாள் திருப்பிக் கேட்டார். அப்படியே பேச்சு ஏறி ஏறி, அர்ச்சுனன் வாயிலிருந்து இத்தனை நாள் எந்த வாய்தாவிலும் வராத ஒன்று வந்து விழுந்தது.

“உம் மவ கல்யாணத்துக்கு எங்கள எப்பிடிக் கூப்பிட்டீங்க? போன்ல. ஒரு பங்காளி வூட்டுக்கு வெத்தல பாக்கு வெக்காம போன்லயா சொல்லுவாங்க?”

“அது கொரோனா சமயமுங்க. யாரு வூட்டுக்கு யாரு போனாங்க?”

“இருமல் மாமன் வூட்டுக்கு மட்டும் அண்ணன் நேர்ல போனாரே.”

  பச்சியப்பன் போனது உண்மைதான். தக்காளி போடுகிற இடம், விட்டுக்கொடுக்க முடியாது என்று அன்றைக்குப் போகச் சொன்னதே தீர்த்தம்மாள்தான். பங்காளி எங்கே போய்விடப் போகிறான் என்றும் சொன்னார். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

அப்போது மறுபடியும் போன் அடித்தது. டி.எஸ்.பி. இந்தத் தடவை கோபமாக ஏதோ குறித்துக்கொள்ளச் சொன்னார். யுவராணிக்கு ஒரு கையில் போன், ஒரு கையில் துப்பாக்கி, பேனா பிடிக்கக் கை இல்லை. கதவருகே ‘தொறந்து உடும்மா’ என்று கெஞ்சிக்கொண்டு நின்ற அர்ச்சுனனிடம், கொஞ்சம் புடிங்க என்று துப்பாக்கியை நீட்டினாள். அவரும் வாங்கிக்கொண்டார். மனிதருக்கு அது எப்படித்தான் இருக்கிறது என்று ஆசை வேறு. தோளில் சாய்த்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

தீர்த்தம்மாள் அதைப் பார்த்தார். வருத்தம் வருத்தமாகவே ஒரு பக்கம் இருக்க, குறும்பு இன்னொரு பக்கம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. தரையில் சுத்தமான இடமாகப் பார்த்து, புடவையை ஒதுக்கி, “ஐயோ” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் படுத்தார்.

யுவராணி திட்டப்படி கதவைத் திறந்தாள். முதலில் ஒரு காகித உருண்டை உருண்டு வந்தது. அதில் ‘புகைக்குண்டு’ என்று எழுதியிருந்தது. பின்னாலேயே அதிரடிக் குழு பாய்ந்தது. சேலத்திலிருந்து வந்தவர்களுக்கு யார் எவர் என்று தெரியாது. கையில் துப்பாக்கி இருப்பவன் தீவிரவாதி. நான்கைந்து பேர் அர்ச்சுனன் மேல் விழுந்தார்கள். யுவராணி, அது அவரில்லை, நான்தான் என்று கத்தியதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அவளைக் கைதி என்று நினைத்துப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டார்கள்.

“நான் பிரதிவாதிங்க” என்று அடியிலிருந்து குரல் வந்தது. “சாமி சத்தியமா பிரதிவாதிங்க.”

நிருபர் ஒருவர் அதைப் படம் பிடித்ததுதான் டி.எஸ்.பி.யை ஓடிவர வைத்தது. அர்ச்சுனனை எழுப்பி, சட்டையில் ஒட்டிய தூசியைத் தன் கையாலேயே தட்டிவிட்டு, தப்பு நடந்துவிட்டது, உங்களுக்கு என்ன வேண்டும் ஐயா என்று கேட்டார். பஸ் போயிடுச்சுங்க என்றார் அர்ச்சுனன். வீட்டில் கொண்டுபோய் விட ஜீப் தருகிறேன், முன் சீட்டில் உட்காருங்கள் என்றார் டி.எஸ்.பி.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த தீர்த்தம்மாள் ஒரு கண்ணைத் திறந்தார். வீட்டுக்குப் போவார் அர்ச்சுனன், தக்காளிக் கொல்லைக்கு வருவாரா? இப்போது துப்பாக்கி இல்லை, கதவு இல்லை, பிடித்து வைக்க எதுவும் இல்லை. ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கினார். அப்படியே இருங்கம்மா என்ற 108 பெண்ணிடம் தெளிஞ்சிடுச்சு கண்ணு என்றார். டைப்பிஸ்டிடம் எப்போதும் வெற்றிலை உண்டு. அதை வாங்கி, பாக்கு வைத்து, தட்டுக்குப் பதிலாக ஒரு புது ஃபைல் அட்டையில் ஏந்திக்கொண்டு ஜீப்பின் முன்னால் போய் நின்றார்.

“கொழுந்தனாரே, எங்க கொல்லையில இன்னிக்குப் பாதை அளக்கறாங்க. நீங்க குடும்பத்தோட வந்து, முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்.”

கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த மாதிரி சொன்னதும் வக்கீல்கள் கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. தீர்த்தம்மாள் சிரிக்கவில்லை. அதை அர்ச்சுனனும் பார்த்தார். அட்டையை ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே இறங்கி, துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அடுத்த மாசத்தார் ஏதோ சொல்ல வந்தார். நீதிபதி வராண்டாவிலிருந்து, ‘இதுல துப்பாக்கி எதுவும் எனக்குத் தெரியலயே வக்கீல் சார்’ என்றார்.

ஜீப்பின் முன் சீட்டில் அர்ச்சுனன், பின்னால் தீர்த்தம்மாள், கமிஷனர், சர்வேயர். போலீஸ் ஜீப்பைப் பார்த்துக் குட்டமாரனஅள்ளியே கூடிவிட்டது. என்னைப் பிடிக்க சேலத்திலிருந்து படை வந்தது என்று அர்ச்சுனன் சொல்ல ஆரம்பித்தார். வீட்டு வாசலில் நான்கு பேராக இருந்த படை, கொல்லைக்கு வருவதற்குள் நாற்பதாகியிருந்தது. அவ்வளவு நல்ல மனநிலையில் அவரை ஊர் பார்த்ததே இல்லை.

பொழுது சாய்வதற்குள் முனிராஜ் கிராமப் படத்தை விரித்து, எல்லைக் கல்லைத் தேடிப் பிடித்து, சங்கிலி இழுத்தார். அர்ச்சுனனின் கல்லுக்கால்கள் பாதைக்குள்தான் இருந்தன. அதைத் தீர்த்தம்மாள் எதிர்பார்த்தார். முனிராஜ் சங்கிலியை இந்தப் பக்கம் இழுத்ததை எதிர்பார்க்கவில்லை. பாதையின் இன்னொரு ஓரம், தீர்த்தம்மாளின் தக்காளியில் கடைசி வரிசைக்கு உள்ளே போய் நின்றது. பச்சியப்பன் வருடா வருடம் உழும்போது பாதைப் பக்கம் ஒரு சால் கூடுதலாக ஓட்டுவார். மண் தங்கமாச்சே என்பார். அந்த மண்ணில்தான் இந்த வரிசை நின்றது. அந்த ஓரத்தில் ஈரம் நன்றாக நிற்கும்; மற்ற எல்லா வரிசையைவிடவும் அதில்தான் காய் அதிகம்.

கமிஷனர் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னார். வெள்ளைக் கோடு சிவந்த பழங்களுக்கு நடுவே ஓடியது. அர்ச்சுனன் முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தார். பிறகு முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இத்தனை மாசம் கோர்ட்டுக்கு நடந்து உன் செடியைப் பிடுங்க நீயே உத்தரவு வாங்கியிருக்கிறாய் அண்ணி என்றார்.

தீர்த்தம்மாள் அந்த வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தார். ஒரு வரிசை போனால்தான் மற்ற வரிசைகள் சந்தைக்குப் போகும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“சிரிச்சது போதும் கொழுந்தனாரே. நீங்க கல்லப் புடுங்குங்க. நான் செடியப் புடுங்கறன். யாரு மொதல்ல முடிக்கறாங்கன்னு பாக்கலாம்.”

ஜீப் டிரைவர் போகவில்லை. சர்வேயர் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு பழம் பொறுக்க இறங்கினார். அர்ச்சுனன் கடப்பாரைக்கு ஆள் அனுப்பினார். மறுநாள் விடிகாலையில் டெம்போக்காரர் வந்து, பாதை முனையில் வண்டியை நிறுத்தி, உள்ளே போகலாமா என்று சந்தேகமாக ஹாரன் அடித்தார். பிடுங்கிய செடிகள் இன்னும் வாடாமல் ஓரத்தில் கிடந்தன. வரலாம் வா என்று அர்ச்சுனன்தான் கையைக் காட்டினார். சக்கரம் ஏறிய இடத்திலெல்லாம் மண்ணில் தக்காளி வாசனை எழுந்தது.